நாலு பேர் பார்க்க: வானவில் பேரணிக்கு வருகிறவர்களும் வராதவர்களும்

1999 ஜூலை 2ஆம் தேதி, கொல்கத்தாவில் பதினைந்து பேர் மஞ்சள் டி-சர்ட் அணிந்து தெருவில் நடந்தார்கள். ‘நட்பு நடை’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர் நடத்தும் பெருமிதப் பேரணிகளில் இந்தியாவின் முதலாவது என்று இன்று அது குறிப்பிடப்படுகிறது. அந்தப் பதினைந்து பேரில் சிலர் வேறு நகரங்களிலிருந்து வந்தவர்கள். அத்தனை பெரிய மாநகரில் மொத்தம் பதினைந்து பேர். மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்?

வரலாறு எழுதுகிறவர்கள் வந்தவர்களை எண்ணுகிறார்கள். தலைகளை எண்ணலாம், படம் பிடிக்கலாம், முழக்கங்களைக் குறித்துக்கொள்ளலாம். வராதவர்களுக்கு ஆவணம் இல்லை. அதனால் வந்தவர் துணிந்தவர், வராதவர் பயந்தவர் என்ற எளிய கணக்கு வேரூன்றிவிட்டது. பெருமிதப் பேரணிகளின் அரை நூற்றாண்டு வரலாறு இந்தக் கணக்குக்கு ஒத்துவரவில்லை. வரமுடியாதவர்கள், வர விரும்பாதவர்கள், வந்து மனம் கசந்து விலகியவர்கள் ஆகியோரே பேரணியின் வடிவத்தைத் திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பின்தொடரும் முயற்சி.

பெயர் அச்சேறினால்

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற கேள்வியைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. கல்யாணம் நாலு பேர் அறிய நடக்க வேண்டும். கடைசியில் தூக்கிப்போகவும் நாலு பேர் வேண்டும். நம் வாழ்க்கைக்குச் சாட்சியும் அந்த நாலு பேர்தான், நீதிபதியும் அவர்கள்தான். பெருமிதப் பேரணி அந்த நாலு பேருக்கு முன்னால் வேண்டுமென்றே போய் நிற்கும் செயல். அதன் பலம் அதில்தான் இருக்கிறது. அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் அதில்தான் இருக்கிறது.

விலை எவ்வளவு என்பதற்குச் சிட்னி நகரம் தெளிவான சான்று. 1978 ஜூன் 24 இரவு அங்கே நடந்த முதல் மார்டி கிரா பெருமித ஊர்வலத்தைக் காவல்துறை கலைத்தது. 53 பேர் கைதானார்கள். அடிதடி அந்த இரவோடு முடிந்தது. அடுத்து வந்ததுதான் நீடித்தது. கைதானவர்களின் பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றைச் ‘சிட்னி மார்னிங் ஹெரால்டு’ நாளிதழ் அச்சிட்டது. வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்களின் பெயர் காலைக் காபியோடு வீட்டுக்குள் போனது. வேலை இழந்தவர்கள் உண்டு. வழக்குகளில் பெரும்பாலானவை பின்னர் கைவிடப்பட்டன. அச்சான பெயரைத் திரும்பப் பெற வழியில்லை. அந்த நாளிதழும் நியூ சவுத் வேல்ஸ் நாடாளுமன்றமும் 2016இல் மன்னிப்புக் கேட்டன. இடையில் 38 ஆண்டுகள் கடந்திருந்தன.

இந்தியாவில் இதே அச்சத்துக்குச் சட்டமும் துணை நின்றது. 1860இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு தன்பால் உறவுக்கு ஆயுள் தண்டனைவரை விதிக்க இடம் கொடுத்தது. தொடக்ககாலப் பேரணிகளில் முகமூடி அணிந்து நடந்தவர்களைப் பார்த்து, பெருமிதம் என்று சொல்லிக்கொண்டு முகத்தை மூடுவதா என்று கேலி பேசினார்கள். உண்மையில் அந்த முகமூடி, வரமுடியாதவர்களை வரவைக்கக் கண்டுபிடித்த கருவி. உடல் வந்துவிடும், முகம் வீட்டில் இருக்கும். வராதவர்கள் பேரணியின் வடிவத்தை மாற்றினார்கள் என்பதற்கு இந்தியத் தெருக்கள் தரும் முதல் சாட்சி அது.

2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவை 377இன் பிடியிலிருந்து விடுவித்தது. ஆனால் போலீஸ் பயம் போனால் போகிற கேள்வி அல்ல ‘வீட்டுக்குத் தெரியுமா?’ என்பது. தங்கைக்கு வரன் பார்க்கும் நேரம், வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துக் காலிசெய்யச் சொல்லும் சாத்தியம், அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சுற்றக்கூடிய ஒரு படம் ஆகியவை எந்தத் தீர்ப்பின் வரம்பிலும் வருவதில்லை. பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்குவதையும் வீடு தர மறுப்பதையும் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இன்றும் இல்லை.

கோட்டும் டையும்

பேரணி என்றதும் கண்ணில் வருவது வண்ணமும் ஆட்டமும். தொடக்கம் அப்படி இருக்கவில்லை. 1965 முதல் 1969 வரை, ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று, ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபத்துக்கு முன்னால் ஒரு சிறு கூட்டம் பதாகை ஏந்தி வட்டமாக நடந்தது. ஆண்கள் கோட்டும் டையும், பெண்கள் பாவாடையும் அணிய வேண்டும் என்பது விதி. விதியை வலியுறுத்தியவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் கேமனி, தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக 1957இல் அமெரிக்க ராணுவ வரைபடத் துறையிலிருந்து நீக்கப்பட்ட வானியலாளர். வேலை பறிபோனவரின் தர்க்கம் அவருடையது: எங்களை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்ற வேண்டும்.

1969 ஜூன் 28 அதிகாலை நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் விடுதியில் காவல்துறை சோதனைக்குப் புகுந்தது. எதிர்ப்பு பல நாள் நீடித்தது. ஒரு வாரத்துக்குள் வந்த ஜூலை 4 நிகழ்வில் இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தார்கள். கேமனி அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார். அதைக் கண்டு கொதித்தவர்களில் ஒருவர் கிரெய்க் ராட்வெல். அவரும் தோழர்களும் அந்த நவம்பரில் கொண்டுவந்த தீர்மானம், ஃபிலடெல்ஃபியா நிகழ்வை நியூயார்க்குக்கு மாற்றி ஜூன் கடைசியில் நடத்தச் சொன்னது. உடைக்கும் வயதுக்கும் எந்த விதியும் கூடாது என்றும் சொன்னது. கோட்டு வாங்க வழியில்லாத தெருவோர இளைஞர்களும் விதித்த உடை பொருந்தாதவர்களும் ஃபிலடெல்ஃபியாவில் வராதவர்களாகவே இருந்தார்கள். இன்றைய பேரணியின் விதையான அந்தத் தீர்மானம் அவர்களுக்கான கதவு.

1970 ஜூன் 28 அன்று கிறிஸ்டோஃபர் தெருவிலிருந்து சென்ட்ரல் பூங்காவரை அந்த முதல் பேரணி போனது. திட்டமிட்டிருந்த நேரத்தில் பாதிக்குள் நடந்து முடித்துவிட்டார்கள். உற்சாகம் ஒரு காரணம், பயம் மறு காரணம். வந்தவர்கள் துணிந்தவர்கள் என்ற கணக்குக்கு அந்த வேகமான நடையே முதல் திருத்தம். வந்தவர்களும் பயந்துகொண்டுதான் வந்தார்கள்.

திறந்த கதவு சீக்கிரமே பாதி சாத்திக்கொண்டது. 1973இல் வாஷிங்டன் சதுக்கத்தில் நடந்த பெருமித நாள் கூட்டத்தில், சிறையில் வாடும் தன் போன்றவர்களைப் பற்றிப் பேச மேடையேறினார் சில்வியா ரிவேரா. பால்மாறிய தோற்றத்துக்காகத் தெருவில் அடிவாங்கிப் பழகியவர் அவர். அன்று கூச்சல் போட்டது எதிரிகள் அல்ல, கூடியிருந்த சொந்தக் கூட்டம். அதன்பின் பல்லாண்டுகள் அவர் இயக்கத்திலிருந்து ஒதுங்கியிருந்தார். நாலு பேர் என்பவர்கள் எப்போதும் வெளியே இருப்பதில்லை. பேரணிக்குள்ளேயும் நாலு பேர் உண்டு.

விலகியவர்கள் போட்ட தடம்

பேரணிக்கு யார் வருகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த அபி பீட்டர்சன், மத்தியாஸ் வால்ஸ்ட்ரோம், மாக்னஸ் வென்னர்ஹாக் மூவரும் பல நாட்டுப் பேரணிகளில் நடந்தவர்களிடம் கருத்துக் கேட்டு 2018இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். உயர்கல்வி பெற்ற நடுத்தர வர்க்கத்தினர், மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கைவிட அதிகமாகப் பேரணிகளில் இருந்தார்கள். கேத்தரின் மெக்ஃபார்லண்ட் புரூஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2016இல் எழுதிய நூலின் வாதம் இதற்குத் துணை வெளிச்சம். மற்ற ஊர்வலங்கள் அரசிடம் கோரிக்கை வைக்கின்றன; பெருமிதப் பேரணி பெரும்பாலும் சமூகத்தின் பார்வையோடு மோதுகிறது என்கிறார் அவர். பார்வையோடு மோத வேண்டுமென்றால் பார்வையைத் தாங்கும் வசதி வேண்டும். படிப்பு, சம்பளம், தனக்கென ஒரு வாடகை வீடு ஆகியவை அந்த வசதிகள்.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல், அதாவது முதல் பேரணி நடந்த அதே ஆண்டில், ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஓர் அமைப்பு சரியில்லை என்றால் உறுப்பினருக்கு இரண்டு வழி: உள்ளே நின்று குரல் எழுப்புவது, இல்லையென்றால் வெளியேறுவது. பிடிப்பு இருக்கும்வரை வெளியேற்றம் தள்ளிப்போகும். நிறுவனங்களையும் கட்சிகளையும் மனத்தில் வைத்து எழுதிய இந்தச் சட்டகம் பேரணிகளுக்கும் வியப்பூட்டும் அளவு பொருந்துகிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பேரணியிலிருந்து வெளியேறியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. வேறு தெருவில் நடந்தார்கள்.

ஆண்களே நிறைந்த பேரணிகளில் தங்களுக்கு இடமில்லை என்று கருதிய பெண்கள் 1993 ஏப்ரலில் வாஷிங்டனில் தனிப் பேரணி நடத்தினார்கள். சுமார் 20,000 பேர் வந்தார்கள். பிரிட்டனில் கறுப்பினப் பெண்கள் சிலர் 2005இல் சவுத்எண்ட் கடற்கரைக்கு மேற்கொண்ட பயணம் ‘யூகே பிளாக் பிரைட்’ ஆக வளர்ந்தது. 2010இல் பெர்லின் பேரணியில் தரவிருந்த விருதை, அமைப்பாளர்கள் இனவெறியைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்லித் தத்துவவாதி ஜூடித் பட்லர் மறுத்தார். 2016இல் டொரண்டோவில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ இயக்கத்தினர் பேரணியின் நடுவே உட்கார்ந்து அதை அரைமணி நேரம் நிறுத்தினார்கள். சீருடைக் காவலர் அணி வேண்டாம் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. ஸ்டோன்வாலின் 50ஆம் ஆண்டான 2019இல் நியூயார்க்கில் இரண்டு பேரணிகள் நடந்தன. ஒன்றில் பெருநிறுவனங்களின் அலங்கார ஊர்திகள் வந்தன. மற்றொன்று நிறுவனங்களும் காவல்துறை அணிகளும் இல்லாமல் நடந்தது.

இந்தியாவில் பிளவு வேறு இடத்தில் விழுந்தது. 2015இல் டெல்லிப் பேரணிக்கு வந்த சிலர், தாங்கள் தலித்துகளும்கூட என்று அறிவிக்கும் பதாகைகளை ஏந்தினார்கள். ஓர் அடையாளத்தை வெளியில் சொல்லிக் கொண்டாடும் மேடையில் இன்னொன்றை மறைத்துவைக்க வேண்டியிருப்பது ஏன் என்ற கேள்வி அந்தப் பதாகைகளில் இருந்தது. 2020 பிப்ரவரி 1 அன்று மும்பை ஆசாத் மைதானத்தில் நடந்த பெருமிதக் கூட்டத்தில் எழுந்த முழக்கங்களுக்காக ஒரு மாணவர் உட்பட 51 பேர்மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. குடியுரிமைச் சட்டத் திருத்தத்துக்கு எதிரான போராட்டங்கள் உச்சத்தில் இருந்த நேரம் அது. அமைப்பாளர்கள் அந்த முழக்கங்களிலிருந்து தங்களை விலக்கிக்கொண்டார்கள். சிலருக்குப் பேரணி அரசியலாகிவிட்டது என்ற வருத்தம். சிலருக்கு அது அரசியலைக் கைவிட்டுவிட்டது என்ற வருத்தம். இரண்டு வருத்தங்களும் மறு ஆண்டு வீட்டிலேயே இருக்கக் காரணமாகலாம். விலகல் ஒரே திசையில் நடப்பதில்லை.

நடக்காத பேரணிகள்

அதே 377, எண் மாறியும் மாறாமலும் ஆங்கிலேயக் குடியேற்ற நாடுகளுக்குப் பரவியது. தமிழர் வாழும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் பெருமித நிகழ்வுகள் எடுத்த உருவத்தை அது தீர்மானித்தது.

சிங்கப்பூரில் ஊர்வலம் போவது எளிதல்ல. அனுமதி இல்லாமல் கூடுவதற்கு ஹாங் லிம் பூங்காவின் பேச்சாளர் சதுக்கம்தான் இடம். 2009 மே 16 அன்று அங்கே சுமார் 2,500 பேர் இளஞ்சிவப்பு உடையில் வந்து, மேலிருந்து பார்த்தால் ஒரு புள்ளியாகத் தெரியும்படி நின்றார்கள். ‘பிங்க் டாட்’ நடப்பதில்லை, நிற்கிறது. நாட்டுக் கொடியின் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் கிடைக்கும் நிறம் அது. குடும்பத்தோடு வாருங்கள், நண்பராக வாருங்கள் என்பது அழைப்பு. அதனால் அங்கே நிற்பவர் தன்பாலீர்ப்பாளரா அவருக்கு அண்ணனா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தியப் பேரணிகளில் முகமூடி செய்த வேலையை இங்கே கூட்டமே செய்தது. 2017இல் விதி இறுகி, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டும் வரலாம் என்றானது. வேலி போட்டு அடையாள அட்டை பார்த்து உள்ளே விட்டார்கள். துணைவர் வெளிநாட்டவர் என்றால், காதலைக் கொண்டாடும் விழாவுக்கு ஒருவர் மட்டும்தான் போகலாம். அங்கே 377ஏ பிரிவை நீக்கும் மசோதா 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இலங்கையில் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இடம்பெற்ற 365, 365ஏ பிரிவுகள் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. 2004இல் தொடங்கிய ஈக்வல் கிரவுண்ட் அமைப்பு மறு ஆண்டிலிருந்து கொழும்பில் பெருமித நிகழ்வுகளை நடத்துகிறது. நெடுங்காலம் அவை தெரு ஊர்வலமாக இருக்கவில்லை. படம் திரையிட்டார்கள், கண்காட்சி வைத்தார்கள், கடற்கரையில் வானவில் பட்டம் விட்டார்கள். பட்டம் விடுகிறவரைப் பார்த்து யாரும் எதுவும் கேட்க முடியாது. 2022 ஜூனில், பொருளாதார நெருக்கடியால் வெடித்த காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் பேரணி வெளிப்படையாக நடந்தது. நாடே தெருவில் நின்ற அந்த நாட்களில் தெருவில் நிற்பதற்கான விலை எல்லோருக்கும் பகிர்ந்து போயிருந்தது.

கூவாகமும் மெரினாவும்

தமிழ்நாட்டில் இந்தக் கதை ஜூனில் தொடங்கவில்லை, சித்திரையில் தொடங்குகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில், கூத்தாண்டவர் திருவிழாவில் திருநங்கைகள் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் தாலியறுத்து வெள்ளைப் புடவை உடுத்துகிறார்கள். பேரணி என்ற சொல் வருமுன்பே நாலு பேர் பார்க்கக் கூடிய பெருந்திரள் அது. ஊருக்கு அங்கே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சாமி காரியம் என்றால் எவரும் வரலாம். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் பலருக்கும் தம்மைப் போன்றவர்களை முதலில் கண்ட இடம் கூவாகம்தான். ஆனால் கூவாகத்துக்கும் வராதவர்கள் உண்டு. திருநம்பிகளுக்கு அந்தச் சடங்கில் இடமில்லை. ஒரு நாள் மனைவியாகி மறுநாள் விதவையாகும் கதையில் தங்களைப் பொருத்திக்கொள்ள மறுக்கும் திருநங்கைகளும் இருக்கிறார்கள்.

சென்னையின் முதல் வானவில் பேரணி 2009 ஜூன் 28 அன்று மெரினாவில் நடந்தது. நான்கு நாள் கழித்து, கொல்கத்தாவின் நட்பு நடைக்குச் சரியாகப் பத்தாண்டு நிறைவில், 377இன் பிடியை முதன்முதலில் தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2012இல் மதுரையிலும் பேரணி நடந்தது. கூவாகத்துக்குப் போகும் கூட்டமும் ஜூன் பேரணிக்கு வரும் கூட்டமும் சில இடங்களில்தான் கலக்கின்றன. தோற்றத்தாலேயே அன்றாடம் தெருவில் அடையாளம் காணப்படும் திருநங்கைக்கு, வருடத்தில் ஒரு மாலை தெருவில் தெரிவது புதிதல்ல. கடையும் பேருந்தும் அவருக்குத் தினசரிப் பேரணி. ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் தன்பாலீர்ப்பாளருக்கோ அந்த ஒரு மாலைதான் எல்லாம். ஒருவர் தெரிவதால் வரும் துன்பத்திலிருந்து பாதுகாப்புக் கேட்கிறார். மற்றவர் தெரிவதற்கே இடம் கேட்கிறார். ஒரே பதாகையின் இரு முனைகளையும் இவர்கள் பிடித்திருக்கிறார்கள்.

சொல்லும் ஒரு தடையாக இருந்தது. மேடையில் பேசும் ஆங்கிலக் கலைச்சொற்கள் புரியாமல், இது நமக்கானது அல்ல என்று திரும்பிப் போவது எளிது. அதற்கு மாற்றாக எழுந்த தமிழ்ச் சொற்கள் இன்று புழக்கத்தில் வேரூன்றிவிட்டன: தன்பாலீர்ப்பு, திருநர், ஊடுபால், பால்புதுமையினர். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதைத் தொடர்ந்து 2022இல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. வீட்டில் அம்மாவிடம் சொல்வதற்கு வசைச் சொல்லைத் தவிர ஒரு சொல் இருப்பது சிறிய காரியம் அல்ல.

சுயமரியாதைக்குச் சாட்சி வேண்டுமா?

அந்தச் சொற்களில் முக்கியமான ஒன்று பேரணியின் பெயரிலேயே இருக்கிறது. ‘பிரைட்’ என்பதைப் பெருமிதம் என்று மொழிபெயர்க்கலாம். சென்னையில் அதை வானவில் சுயமரியாதைப் பேரணி என்றும் அழைக்கிறார்கள். பெருமிதம் ஓர் உணர்ச்சி. சுயமரியாதை 1925 முதல் இந்த மண்ணில் ஓர் இயக்கம். புரோகிதரும் மந்திரமும் இல்லாமல், மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம் என்று சொன்ன இயக்கம் அது. அந்தத் திருமணத்துக்கு 1967ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் செல்லுபடித் தன்மை கொடுத்தது.

அந்தத் திருமணத்தைப் பற்றி 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு கேள்வி வந்தது. ஊரறியச் செய்யாத சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் முன்பு சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்பத்தின் எதிர்ப்பையும் மிரட்டலையும் சந்திக்கும் இணையர்கள் ஊரறிய அறிவித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே பகிரங்க அறிவிப்பு கட்டாயமில்லை என்றது. ஆண்–பெண் திருமணம் பற்றிய வழக்குதான். ஆனால் அதன் சாரம் இந்தக் கட்டுரையின் கேள்விக்கும் பதில். நாலு பேர் பார்க்காவிட்டாலும் சுயமரியாதை சுயமரியாதைதான். வராதவர்களுக்கும் அதில் முழு உரிமை உண்டு.

அப்படியானால் பேரணி எதற்கு? மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்கள், பெற்றோர் கொடுத்த புகாருக்குப் பின்னால் வந்த போலீஸிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதிய நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே முன்முடிவுகள் இருந்ததை ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்வு எடுத்துக்கொண்டு கற்றதை உத்தரவிலேயே பதிவுசெய்தார். மனமாற்று ‘சிகிச்சை’களுக்குத் தடை விதித்தார். மறு ஆண்டு, பால்புதுமையினரைத் துன்புறுத்துவதைத் தடுக்கக் காவலர் நடத்தை விதிகளில் திருத்தம் வந்தது. 2025 மே மாதம் அதே நீதிமன்றம், தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று இன்னொரு வழக்கில் சொன்னது. இவை மூடிய அறைகளில் நடந்த மாற்றங்கள். ஆனால் அந்த அறைகளுக்குள் புழங்கிய சொற்கள் தெருவில் பல்லாண்டு சொல்லிப் பழகியவை. ஓடிவந்த பெண்கள் பேரணியில் நடந்தவர்களா என்பது முக்கியமில்லை. நகரத்தில் உதவி கேட்கத் தங்களுக்கு ஆட்கள் உண்டு என்று தெரிந்திருந்ததே முக்கியம். தெரியும்படி யாராவது நின்றால்தான் மறைந்திருப்பவர் போய்ச் சேர இடம் கிடைக்கும்.

பேரணி வளர்ந்துவிட்டதா என்பதை அளக்க ஆட்களை எண்ணுவது போதாது. சிட்னி நாளிதழ் 1978இல் அச்சிட்ட பட்டியலை இன்று சென்னையில் ஒரு நாளிதழ் அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம்: நடந்தவர்களின் பெயர், முகவரி, தொழில். மறுநாள் காலை வேலையிலிருந்து நிற்கப்போவது யார், வீட்டைக் காலிசெய்யப்போவது யார், ஊருக்குத் திரும்பிப் போக முடியாதவர் யார்? அந்தக் கேள்விக்கு ‘யாருமில்லை’ என்று பதில் வரும் காலத்தில் ஜூன் மாத ஞாயிறு மாலையில் ஒருவர் வீட்டிலேயே இருந்தால், தூங்கவேண்டும் போலிருந்தது என்பதே அதற்குக் காரணமாக இருக்கும். அதுவரை வராதவர்களின் நாற்காலிகள் காலியானவை அல்ல. ஒவ்வொன்றின் மேலும் ஒரு விலைச்சீட்டு இருக்கிறது.